கிளீனர் பக்கம் ஒரு பட்டை

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

காலையில் இரண்டு லாரி, ஒரு கோழித்தீவன வண்டி. மூன்றுக்கும் பின் ஸ்பிரிங். பதினொரு மணிக்கு ஜெகதீஸ்வரன் அண்ணனின் சிவப்புக் கார் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறி வந்து சேர்ந்தது.

அண்ணனுக்குத் திருச்செங்கோடு. ஆறு போர்வெல் ரிக் வைத்திருக்கிறார். பூமியைத் துளைக்காத வண்டியும் ஒன்று இருக்கட்டும் என்று மூன்று வருடம் முன்பு பெங்களூரில் இதை வாங்கினார். வெள்ளைக்காரன் 1967இல் செய்தது. இரண்டே இருக்கை, கூரை துணி. வாங்கியது அவர், ஓட்டுவது மகள் ஷாலினி. இருபத்தைந்து வயது. ரிக் ஷெட்டில் உதிரி பாகங்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்குக்கு ஊரே காவிரிக்குப் போனது. இவள் ஏற்காட்டுக்குப் போனாள். இறங்கும்போது ஒரு வலப்பக்க வளைவில் வண்டியின் பின்பக்கம் இடப்புறமாக விலகிச் சென்று கைப்பிடிச் சுவரில் மோதியது. இவளுக்குக் கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த தோழி சண்முகப்பிரியாவுக்குக் காறை எலும்பு முறிந்தது.

"ஏப்பா தமிழு, நீயே பாத்துச் சொல்லு. வண்டியா, இவளா? வண்டின்னா சரி பண்ணு. இவதான்னா இனி சாவியத் தொடக்கூடாது, வித்துப்போடறேன்."

எதை விற்பார் என்று தெளிவாகச் சொல்லவில்லை. காரைத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஷாலினி சொன்னது: "சித்தப்பா, ஏறும்போது ஒண்ணுமே இல்லீங்க. எறங்கும்போது, பிரேக்க மிதிச்சு ரைட்ல திருப்புனா மட்டும், பின்னாடி தானா லெஃப்ட்ல ஒதுங்குது. ஜூன்லயே உங்ககிட்டச் சொன்னனே."

சொன்னாள். "கை பழகோணும் கண்ணு" என்று நானும் சொன்னேன்.

மே மாதம் இதற்குப் பின் ஸ்பிரிங் வேலை நம் நாமக்கல் பட்டறையில்தான் நடந்தது. வேகத்தடையில் வயிறு இடிக்கிறது என்றார் அண்ணன். தூக்கிக் கொடுத்தோம். ஆகவே ஸ்பிரிங்கில் தவறு இருக்க வழியில்லை. மற்றதை நாளை பார்க்கலாம்.

6 ஆகஸ்ட், புதன்

வண்டியின் முகம் ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது அப்பா காலத்திலிருந்து இந்தப் பட்டறையின் விதி. எந்த வண்டியும் ரிவர்ஸில்தான் உள்ளே வரும். முதுகைக் காட்டி நின்றால் தொழில் தங்காதாம். நாற்பது வருடமாகத் தங்கியிருக்கிறது. விதியைச் சோதித்துப் பார்க்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

சென்றாயன் காரை ரிவர்ஸில் விட்டார். தம்மம்பட்டிக்காரர். பதினான்கு வருடமாக இங்கே ஸ்பிரிங் ஃபிட்டர். ஊரெல்லாம் 'ஊடு' என்று சொல்லும்போது தான் மட்டும் 'வீடு' என்று சொல்லிக்கொண்டிருக்கும் பிடிவாதம் உள்ளவர்.

நான்கு சக்கரத்தின் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி. முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் டேப். வலப்பக்கம் 2311 மில்லிமீட்டர். இடப்பக்கம் 2312. அந்த ஒரு மில்லிமீட்டர் சாக்பீஸின் பருமன். இரண்டு பக்கமும் சக்கரங்களை ஒட்டி நூல் பிடித்தும் பார்த்தோம். நேர். சுவரில் இடித்ததில் மட்கார்டு நசுங்கியிருக்கிறது, ஆக்சில் நகரவில்லை.

அண்ணன் கூடவே இரண்டு ரிக் முதலாளிகள் வந்திருந்தார்கள். முடிவு கேட்டு மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். இப்படி மூன்று பேர் பார்த்தால் என் நாக்குக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"நாலு சக்கரமும் நேராத்தான் இருக்குதுங்ணா. அஞ்சாவதா ஒண்ணு உள்ள இருக்குது பாருங்க, ஸ்டியரிங்கு — அதைப் புடிச்ச கைதான் கோணல்."

சிரித்தார்கள். அண்ணன்கூட. ஓரமாக நின்ற ஷாலினி சிரிக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நல்ல வாக்கியம்தான். எழுதிப் பார்த்தாலும் நன்றாக இருக்கிறது.

8 ஆகஸ்ட், வெள்ளி

சங்ககிரியிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் என் வாக்கியத்தை எனக்கே சொன்னார். யாரோ ஒரு பெரியவர் சொன்னதாம்.

சௌந்திரம் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கூழ்த் தூக்கோடு வந்து சமையலறைக்குள் போகாமல் நின்றாள்.

"ஏனுங்க, உங்க பொன்மொழி மாரியாத்தா கோயில் வரிசை வரைக்கும் வந்துருச்சுங்க. அந்தப் புள்ளைக்கு முன்னாடியே ஒருத்தி சொல்லிச் சிரிக்கறா. சண்முகப்பிரியாளோட அம்மா அவளைப் பாத்த பார்வை இருக்குதே..."

"நான் அளந்து பாத்துத்தான் சொன்னேன்."

"வண்டியத்தான அளந்தீங்க?"

என் மனைவி நான் படிக்கிற புத்தகம் ஒன்றையும் தொட்டதில்லை. தேவைப்பட்டதில்லை.

9 ஆகஸ்ட், சனி

அண்ணன் ஆந்திராவுக்கு ரிக் பார்க்கப் போயிருக்கிறார். ஷாலினி வந்தாள். "சாவி குடுங்க சித்தப்பா." கொடுக்கக் கூடாது என்பது அண்ணன் உத்தரவு. அவள் நின்ற நிலையைப் பார்த்துக் கொடுத்தேன்.

மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்து என் மேஜையில் ஒரு காகிதம் வைத்தாள். சேலத்தில், சூரமங்கலம் பக்கம், கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செய்கிற கடையில் எடுத்தது. பின் ஆக்சிலின் இடப்பக்கம் ஒன்பது மில்லிமீட்டர் பின்தங்கியிருக்கிறது.

ஒன்பது! அவ்வளவு இருந்தால் பின்சக்கரம் இரண்டும் இடப்பக்கம் பார்த்து ஓடும். முன்சக்கரம் ஒரு ஊருக்கும் பின்சக்கரம் ஒரு ஊருக்கும் டிக்கெட் எடுத்த மாதிரி.

சென்றாயனை விட்டு மறுபடி அளந்தேன். ரிவர்ஸ், தூக்குக்குண்டு, புள்ளி, டேப். 2311. 2312.

"அவங்க கடையில தரை சமமா இருக்காது" என்றேன்.

"தரையத்தான் சொல்லுவீங்க சித்தப்பா. தரை திருப்பிப் பேசாது." சொல்லிவிட்டு, காகிதத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

மெஷின் பொய் சொல்கிறதா, நூல் பொய் சொல்கிறதா? மூன்றாவதாக ஒருவர் இருப்பதை இன்று முழுக்க நினைக்காமல் இருந்தேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

நானே கூடப் போனேன். ஷாலினி ஓட்டினாள். ராசிபுரம் தாண்டும் வரை அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான். ஆட்டமில்லை, பதற்றமில்லை, கியர் மாறுவதே தெரியவில்லை. என் பட்டறைக்கு வரும் டிரைவர்களில் பாதிப் பேரைவிட நன்றாக ஓட்டுகிறாள். அதை அவளிடம் சொன்னேனா? வெயில் அதிகம் என்று சொன்னேன்.

அலைன்மென்ட் கடைக்காரர் காளிதாஸ் மரியாதையான மனிதர். "சார், முன்னாடின்னா நான் திருகி வெச்சுருவேன். இந்த மாதிரி பட்டை ஸ்பிரிங் ஆக்சில்ல பின்னாடி திருகறதுக்கு ஒண்ணுமே கெடையாது. எங்கயோ இடம் மாறி உக்காந்திருக்கு. ஸ்பிரிங் வேலை யாரு பாத்தது?"

"லோக்கல்ல ஒருத்தர்" என்றேன்.

ஷாலினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒருத்தர் யார் என்று அவள் சொல்லியிருக்கலாம்.

திரையில் ஒன்பது. என் கண்ணால் பார்த்தேன்.

திரும்பி வந்து அளந்தோம். ஒன்று. இரண்டு இடத்திலும் ஒரே வண்டி, ஒரே நாள். நாற்பது கல் தூரத்தில் இரும்பு வளர்ந்து தேய்கிறதா? படித்தவன் என்று ஊரில் பெயர். அந்தப் படிப்பெல்லாம் எதுக்குடா ஆச்சு உனக்கு?

12 ஆகஸ்ட், செவ்வாய்

விஷயம் பிடிபட்டது. மூளையால் அல்ல. ஒரு முட்டை லாரியால்.

காலையில் மட்கார்டு தட்டுவதற்காகக் காரை வெளியே அனுப்பியிருந்தோம். திரும்பி வந்தபோது வாசலில் முட்டை லாரி ஒன்று, ஸ்பிரிங்கை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யு கிளாம்ப் உடைந்து, குறுக்கே நின்றது. ரிவர்ஸ் எடுக்க இடமில்லை. சென்றாயன் காரை முன்பக்கமாகவே உள்ளே விட்டு பிரேக் போட்டு நிறுத்தினார். முகம் சுவரைப் பார்த்து, முதுகு ரோட்டைப் பார்த்து. நாற்பது வருடத்தில் முதல் முறை.

பழக்க தோஷத்தில் தூக்குக்குண்டை விட்டார். இடப்பக்கம் டேப்பைப் பிடித்தவர் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே. இங்க கொஞ்சம் வாங்க."

2320.

முட்டை லாரி போகும் வரை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு அதே காரை வெளியே எடுத்து ரிவர்ஸில் விட்டு பிரேக். 2312. மறுபடி முன்பக்கமாக. 2320. நாலு தடவை செய்தோம். நாலு தடவையும் ஆக்சிலின் இடப்பக்கம் நடந்து போய் நடந்து வந்தது.

முன்னே ஓடும் வண்டியில் பிரேக் போட்டால் சக்கரம் நிற்கப் பார்க்கும், உடம்பு போகப் பார்க்கும். ஆக்சில் பின்னால் இழுபடும். ரிவர்ஸில் பிரேக் போட்டால் நேர் எதிர்: சேலத்தில் முன்பக்கமாக ஏற்றினார்கள், ஒன்பது; இங்கே ரிவர்ஸ், ஒன்று. மலை ஏறும்போது எஞ்சின் ஆக்சிலை முன்னே தள்ளிப் பிடித்திருக்கும், அதனால் நேராகப் போகும். இறங்கும்போது பிரேக், இடப்பக்கம் பின்தங்கும், வண்டியின் பின்பாதி இடப்புறம் நழுவும், வலப்பக்க வளைவென்றால் சுவரை நோக்கியே நழுவும்.

அந்தப் பெண் ஜூன் மாதம் சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் இதுதான்.

நான் ரிவர்ஸில் விட்டு விட்டு, நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்த பிறகு முதுகு நேராக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஏன் இடப்பக்கம் மட்டும்? நாளைக்குக் கழற்ற வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை. கழற்றாமலே தெரிகிற மாதிரி இருக்கிறது.

13 ஆகஸ்ட், புதன்

கழற்றினோம்.

இடப்பக்க ஸ்பிரிங்கின் இரும்பு அடுக்கில் ஒரு பட்டை அதிகம்.

லாரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரோடு நடுவில் மேடாக, ஓரத்தில் சரிவாக இருக்கும். இடப்பக்கமே ஓடி ஓடிப் பாரவண்டி கிளீனர் உட்காரும் அந்தப் பக்கம் சாயும். அதனால் எந்த லாரி வந்தாலும் கிளீனர் பக்கம் ஒரு பட்டை சேர்த்துப் போடுவோம். இந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. சோற்றுக்கு உப்பு மாதிரி.

இரண்டு பேர் உட்கார்ந்து காற்று வாங்கப் போகிற காருக்கும் போட்டிருக்கிறோம்.

பட்டை கூடினால் அடுக்கின் உயரம் கூடும். அடுக்கைக் கோர்க்கும் சென்டர் போல்ட் எட்டாது. லாரி போல்ட் போட்டிருக்கிறோம். அதன் தலை பெரியது, ஆக்சில் தட்டின் துளைக்குள் இறங்காது. துளையைப் பெரிதாக்கியிருக்கிறோம். லாரியில் அது பெரிய குற்றமில்லை: இரும்பும் இரும்பும் சேர்ந்து யு கிளாம்பின் பிடியில் அசையாது. இந்தக் காரில் நடுவே ரப்பர் மெத்தை இருக்கிறது. கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆக்சிலை இடத்தில் நிறுத்துவது அந்தப் போல்டின் தலை ஒன்றுதான். மூன்று மாதம் அது முன்னும் பின்னும் இடித்து, துளை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. நாமக்கல்லில் செய்த வேலை என்று முத்திரை குத்தின மாதிரி.

"யாரு சென்றாயா இதைப் போடச் சொன்னது?"

அவர் துணியில் கையைத் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார்.

"நீங்கதாண்ணே. டீ குடிச்சிட்டு இருந்தீங்க. கிளீனர் பக்கம் ஒரு பட்டை போட்டுடட்டுமான்னு கேட்டேன். கேக்கணுமா இதையெல்லாம்னு சொன்னீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. மூச்சு விட்டது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

14 ஆகஸ்ட், வியாழன்

அண்ணன் ஆந்திராவிலிருந்து போன் செய்தார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து காரைப் பார்க்கிறாராம். "இருபத்துநாலாந்தேதி பழைய கார்க்காரங்கெல்லாம் ஏற்காட்டுக்குப் போறாங்களாமா. இவளும் போறேன்னு பேரு குடுத்துருக்கறா. அதுக்கு முந்தி வண்டி கையை உட்டுப் போயிரோணும். கார் மட்டுமில்ல தமிழு, ரிக் வண்டியும் இனி அவ எடுக்க வேண்டாமுன்னு சொல்லிப்போட்டேன். நீ சொன்னதுக்கப்பறம் ஷெட்டுல எவனும் அவளுக்கு மதிப்புக் குடுக்கறதில்ல."

நீ சொன்னதுக்கப்பறம்.

இந்த இடத்தில்தான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "சரிங்ணா, வாங்க, பேசிக்கலாம்" என்றேன்.

சென்றாயன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "அண்ணே, பட்டையை உருவிட்டு, துளையை அடைச்சு, சரியான போல்ட்டைப் போட்டுடலாம். அரை நாள் வேலை. யாருக்கும் தெரியாது. வண்டி நேரா போகும். போதாதா?"

வண்டி நேராகப் போகும். அவள் ஓட்டினாலும் நேராகப் போகும். கை பழகிவிட்டது என்று ஊர் சொல்லும். என் வாக்கியமும் நிலைக்கும், அதற்கு நிரூபணமும் கிடைக்கும். இவ்வளவு கச்சிதமான அயோக்கியத்தனம் இதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

மத்தியானம் சாப்பிட முடியவில்லை. சௌந்திரம் கேட்டாள். சொன்னேன், பட்டையிலிருந்து முட்டைத் துளை வரை. ஆறிப்போன ரசத்தை எடுத்து மறுபடி அடுப்பில் வைத்தாள்.

"வாயிலதானுங்க சாஞ்சுது. வாயிலயே நிமித்துங்க."

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி ஒன்று. திருச்செங்கோட்டில் அண்ணனின் ரிக் ஷெட். எதிரே டீக்கடை பெஞ்சு. அன்று சிரித்த இரண்டு பேரும் இருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் இன்னும் வரவில்லை. ஷாலினி ஷெட்டுக்குள் டிரில் பிட்டுகளை அளவு பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பெஞ்சில் உட்காராமலே சொன்னேன். பழைய சென்டர் போல்ட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அண்ணன் கையில் வைத்தேன். "தப்பு என்ற பட்டறைதுங்ணா. நான் சொல்லித்தான் போட்டது. புள்ள மேல தப்பே இல்ல. வேற ஆளா இருந்தா அந்த வளைவுல வண்டி சுவரத் தாண்டியிருக்கும். இவ ஓட்டுனதாலதான் சுவரோட நின்னுது."

ரிக் முதலாளி சின்னுசாமிக்கு வேறு கவலை. "அப்ப அந்த அஞ்சாவது சக்கரம்?"

"தப்புங்க."

"அட, நல்லா இருந்துச்சேப்பா!"

அண்ணன் போல்ட்டை உருட்டிக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏஞ்சாமி, இதை நீ எப்பச் சொன்னே?"

"ஜூன்லீங்கப்பா."

"நான் எங்கிருந்தேன்?"

"எதுத்தாப்பல சாப்பிட்டுட்டு இருந்தீங்க."

அண்ணன் போல்ட்டைப் பெஞ்சில் வைத்தார். கோயம்புத்தூருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார்.

கிளம்பும்போது ஷாலினி வெளியே வந்தாள். கையெல்லாம் கிரீஸ்.

"சித்தப்பா, நீங்களே சரி பண்ணுங்க. வேற எங்கயும் கொண்டு போகல. ஆனா இருபத்துநாலாந்தேதி எங்கூட நீங்க வரோணும். கிளீனர் சீட்டுல."

"நானா?"

"சண்முகப்பிரியா உக்காந்த சீட்டு" என்றாள்.

18 ஆகஸ்ட், திங்கள்

தவற்றை ஒப்புக்கொண்டு ரிக் முதலாளிகளின் வாட்ஸ்ஆப் குழுவில் எழுதினேன். நகைச்சுவை சேர்க்கவில்லை. இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அந்தப் பழைய வாக்கியத்துக்கு அறுபது பேர். அதை இன்றும் ஒருவர் அனுப்பியிருந்தார், எனக்கே.

20 ஆகஸ்ட், புதன்

பட்டையை உருவினோம். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. முட்டைத் துளையில் வளையம் வைத்து வெல்டிங் செய்து, போல்டின் தலைக்கு மட்டும் இடம் விட்டுக் கடைந்தோம். ரப்பர் மெத்தை நாலும் புதிது. வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஏறின பிறகு கிளாம்ப் இறுக்கினோம். சாக்பீஸில் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் குறுக்காக ஒரு கோடு.

முன்பக்கமாகப் பத்து தடவை பிரேக், ரிவர்ஸில் பத்து. கோடு உடையவில்லை. 2311, 2311.

சென்றாயனிடம் இன்னொரு தடவை என்றேன். "அண்ணே, போதும்" என்றார். இன்னொரு தடவை பார்த்தோம்.

23 ஆகஸ்ட், சனி

அளவெல்லாம் சரி. ஆனாலும் ஒரு கேள்வி. மற்றவர்கள் ஏறி உட்கார்ந்து போவதற்கு நாற்பது வருடமாக வண்டி சரிசெய்து அனுப்பியிருக்கிறோம் — எத்தனை தடவை நான் ஏறினேன்?

24 ஆகஸ்ட், ஞாயிறு

பதினேழு பழைய கார்கள். ஏறுவதில் சிக்கலில்லை, எப்போதுமே இல்லை. மேலே மிளகாய் பஜ்ஜி. அண்ணன் தன் பெரிய காரில் பின்னாலேயே வந்தார், ஹாரன் அடிக்காமல்.

இறங்கும்போது அந்த வளைவு வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. சுவரில் சிவப்புப் பெயிண்ட் இன்னும் இருந்தது. கிளீனர் சீட்டிலிருந்து பார்த்தால் சுவர் இல்லை, சுவருக்கு அப்பால்தான் தெரிகிறது. கீழே சேலம், வெயிலில், மிகத் தெளிவாக.

ஷாலினி வேகம் குறைக்கவில்லை. வளைவுக்குள் வந்து பிரேக்கை நன்றாக, வேண்டுமென்றே மிதித்தாள். என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

வண்டி கோடு கிழித்த மாதிரி வலப்பக்கம் திரும்பிப் போனது.

அடுத்த வளைவில் அவள் கியரை இறக்கினாள்.

"கை பழகிருச்சுங்களா சித்தப்பா?" என்றாள். ரோட்டைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

எவ்வளவோ பதில் தெரிந்தவன் நான். கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தேன்.

அடிவாரத்தில் அண்ணன் தன் காரை ஓரம் கட்டினார். சாவியைக் கூட வந்த டிரைவரிடம் கொடுத்தார். என்னை இறங்கச் சொல்லிவிட்டு அந்த சீட்டில் தான் ஏறி உட்கார்ந்தார். நான் டிரைவருடன் ஊர் வந்து சேர்ந்தேன்.

27 ஆகஸ்ட், புதன்

பிள்ளையார் சதுர்த்தி. அரை நாள்தான் பட்டறை. கொழுக்கட்டை சாப்பிடுகிற நேரத்தில் வேலூர்ப் பக்கத்து லாரி ஒன்று வந்தது. முதலாளியே கூட வந்திருந்தார்.

"வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு இவன் ஒரு மாசமா பாட்டுப் பாடறானுங்க. வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்குது. இவனுக்குக் கைதான் சரியில்ல. நீங்கதான் அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களாமே, அஞ்சாவது சக்கரமுன்னு?"

மருதாசலம் என்ற அந்த டிரைவர் தலையைக் குனிந்து நின்றார். பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சென்றாயன் ஏற்கெனவே நூலைக் கையில் எடுத்திருந்தார். வண்டியை முன்பக்கமாகவே உள்ளே விடச் சொன்னேன்.

அப்புறம் மருதாசலத்திடம் கேட்டேன், எந்தப் பக்கம் திருப்பும்போது என்று.